வயலுக்கும் தோட்டத்துக்கும் வரும் விருந்தாளிகள்

தமிழ்நாட்டு வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து தங்குகின்றன. பெரும்பாலானவை செப்டம்பர், அக்டோபரில் வரத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடுகின்றன. வடக்கே பனிக்காலத்தில் பூச்சிகள் அருகிப்போவதே இந்தப் பயணத்தின் முக்கியக் காரணம்.

நீர் பாய்ச்சிய வயலில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி மஞ்சள் வாலாட்டிகள் பூச்சி தேடும். மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக அமரும். பறந்தபடியே கொசு, ஈ போன்றவற்றைப் பிடித்துண்ணும். சோளக்கொல்லைகளை நாடிச் சூறைக்குருவிகள் பெருங்கூட்டமாக வரும். ரோஜா நிற உடலும் கறுப்புத் தலையும் கொண்ட இவை தானியத்தோடு வெட்டுக்கிளிகளையும் தின்கின்றன. மானாவாரி நிலங்களுக்கும் புல்வெளிகளுக்கும் மேலே பூனைப்பருந்துகள் தாழப் பறந்து இரை தேடும். இரவில் தரையிலேயே தங்கும்.

வீட்டுத் தோட்டத்தின் முக்கிய விருந்தாளி ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் இப்பறவை, இங்கே மரநிழலில் சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தேடும். வேலியோர முள்மரங்களில் பழுப்புக் கீச்சான் அமர்ந்திருக்கும்.

பறவைகளைப் பார்க்க அதிகாலையே ஏற்ற நேரம். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் பங்கேற்கலாம். ஓரிடத்தில் 15 நிமிடம் கண்டவற்றை இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். தோட்டத்துச் சருகை எரிக்காமல், பூச்சிக்கொல்லியையும் குறைத்தால் இப்பறவைகளுக்கு இரை கிடைக்கும்.