மணிக்கட்டுக் கருவியும் தாய்மாரின் உரிமையும்
(வெள்ளவத்தையில் ஆற்றிய உரை)



காலி வீதிக் கடைகளில் இன்று மணிக்கட்டில் கட்டும் கருவியொன்று விற்பனையாகின்றது. நடையை எண்ணும், நாடியை அளக்கும், நித்திரையைக் கணிக்கும். கர்ப்பவதிகளின் எடை மிகாமற் காக்க இதுவே போதும் என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே எழுந்துள்ளது. அதனைச் சற்று விசாரிப்போம்.

விஞ்ஞானத்தை நாம் பழிக்க வரவில்லை. மருத்துவத் தடையில்லாத கர்ப்பவதிகள் வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் அடைந்திருக்கும் பெண்ணை மாலையில் நடக்கத் தூண்டுமாயின் அக்கருவி நல்ல துணையே. ஆனால், நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது மருத்துவர் வகுத்த விதியன்று. 1960களில் ஜப்பானில் விற்ற நடைமானியொன்றின் பெயரிலிருந்து பரவிய கணக்கு. வயலில் நாள்முழுதும் குனிந்து களை பிடுங்கும் உழவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த எண் எதற்கு? அவளுக்கு வேண்டியவை ஓய்வும் ஊட்டமுமே.

எடை எவ்வளவு கூடலாம்? அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009இல் வகுத்த அளவின்படி, உயரத்துக்கேற்ற எடையுடைய தாய்க்கு 11.5 முதல் 16 கிலோ; மெலிந்தவளுக்கு 12.5 முதல் 18. மிகப் பருத்தவளுக்கு 5 முதல் 9. ஆகவே, ஒருத்திக்கு அளவானது மற்றொருத்திக்கு மிகை. திடீரென எடை ஏறி, முகம் வீங்கி, தலைவலியும் கண்மங்கலும் தோன்றினால் அது உயர் குருதியமுக்கத்தின் ஆபத்தாகலாம். அடிகளை எண்ணும் கருவி அதனை உரைக்காது. குருதியமுக்கத்தையும் சிறுநீரையும் சோதித்து உணர்பவர்கள் கிளினிக்கின் வைத்தியரும் மருத்துவமாதுமே.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்து, வீடுதேடி வரும் மருத்துவமாதுச் சேவை இந்நாட்டின் பெருஞ்செல்வம். அச்சேவை தாய்க்கு விளங்கும் மொழியில் கிடைத்தாலன்றிப் பயனில்லை. 1988இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினாறாந் திருத்தம், அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை நமக்கு அளித்துள்ளது. கிளினிக்கில் தமிழில் கேட்பது சலுகையன்று, சட்டம்.

இன்னுமொன்று. கருவி திரட்டும் உடற்செய்தி எவர் கைக்குப் போகின்றது? தொழில் தருபவர் அன்பளிப்பாகக் கட்டிவிடும் கருவி, கருவுற்ற செய்தியை அவருக்கே அறிவிக்குமாயின், பதவி உயர்வு என்னாகும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக்காப்புக்குரியதாக வகுத்துள்ளது. சம்மதப் பத்திரத்தில் வாசியாமற் கையொப்பமிடாதீர்கள்.

ஆகவே நாம் கோருவன மூன்று: ஒவ்வொரு கிளினிக்கிலும் தமிழறிந்த மருத்துவமாது, சட்டம் தந்த 84 நாள் மகப்பேற்று விடுமுறை குறையாமற் கிடைத்தல், தாயின் உடற்செய்தி தாய்க்கே உரித்தாதல். வசதியுள்ளோர் கருவியைக் கட்டிக்கொள்ளட்டும். ஆனால் மாதந்தோறும் கிளினிக் செல்லத் தவறாதிருக்கட்டும். வசதியற்றோர் அதனை எண்ணி ஏங்க வேண்டா. தராசும், அளவுநாடாவும், அன்பான ஒரு தமிழ்ச் சொல்லும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வதே நம் கடன்.