தோற்பவருக்குப் போட்ட வாக்கு வீணா?

(தேசிய வாக்காளர் நாளையொட்டி நடைபெற்ற ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜெயிக்கிறவங்களுக்குப் போடு, ஓட்டை வீணாக்காதே." தேர்தல் நேரத்தில் தேநீர்க் கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் நாம் கேட்கும் பேச்சு இது. நம் மாணவர்களும் கேட்கிறார்கள். மேல்நிலை வகுப்பில் இருப்பவர்களுக்கு 18 வயது நிரம்ப அதிக நாள் இல்லை. "ஐயா, தோற்கப் போறவர்னு தெரிஞ்சே ஒருத்தருக்கு ஓட்டுப் போட்டா அது வீண்தானே?" என்று அவர்கள் குடிமையியல் பாடவேளையில் கேட்பார்கள். யாருக்கு வாக்களிக்கலாம் என்று நாம் சொல்லக் கூடாது. நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன, தடுக்கவும் வேண்டும். ஆனால் இந்தக் கேள்வி எந்தக் கட்சியையும் பற்றியதல்ல. இதில் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் மனச்சான்றும் இருக்கின்றன. அதனால் நாம் பதில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

முதலில் "வீண்" என்று சொல்பவர்களின் நியாயத்தைப் பார்ப்போம். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று வாக்கெடுப்பு நடத்துகிறோம். மாமல்லபுரத்துக்கு 16, தஞ்சாவூருக்கு 13, ஏற்காட்டுக்கு 11 வாக்குகள். நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முறைப்படி மாமல்லபுரம் வென்றது. ஆனால் 24 பேர் அதைக் கேட்கவில்லை. ஏற்காடு கேட்ட 11 பேரில் 9 பேருக்கு இரண்டாவது விருப்பம் தஞ்சாவூர் என்று வையுங்கள். அந்த 9 பேரும் தஞ்சாவூருக்கே கை தூக்கியிருந்தால் 22 வாக்குகளுடன் தஞ்சாவூர் வென்றிருக்கும். தாங்கள் அதிகம் விரும்பியதைக் கேட்டதால், குறைவாக விரும்பியது அவர்களுக்குக் கிடைத்தது.

உலக அரசியலிலும் இப்படி நடந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் புளோரிடா மாநிலம்தான் முடிவைத் தீர்மானித்தது. அங்கே ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே இருந்த வித்தியாசம் வெறும் 537 வாக்குகள். வெல்ல வாய்ப்பே இல்லாத ரால்ஃப் நேடர் அதே மாநிலத்தில் 97,488 வாக்குகள் பெற்றிருந்தார். அவர் போட்டியிடாமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆகவே "வாக்கைப் பிரிக்காதே" என்று சொல்பவரை நாம் அறியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். வெற்றியைத் தீர்மானிக்காத வாக்கெல்லாம் வீண் என்றால், எந்தெந்த வாக்கெல்லாம் வீண்? 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். மிக நெருக்கமான போட்டிதான். ஆனாலும் அங்கே வென்றவருக்கு வாக்களித்த எவர் ஒருவர் வீட்டிலேயே இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அப்படியானால் அவருடைய வாக்கும் வீணா? இரண்டாம் இடம் பெற்றவருக்குப் போட்ட ஆயிரக்கணக்கான வாக்குகளும் வீணா? இந்த அளவுகோலைப் பிடித்தால் நாட்டில் ஏறக்குறைய எல்லாருடைய வாக்கும் வீண் என்றாகிவிடும். எல்லாவற்றையும் வீண் என்று காட்டும் அளவுகோலில்தான் பிழை இருக்கிறது.

ஒரே வாக்கு முடிவு செய்த தேர்தல்களும் உண்டு. 2004-இல் கர்நாடகத்தின் சாந்தேமரஹள்ளியிலும், 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவிலும் சட்டமன்றத் தேர்தல் முடிவு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. வாக்களிக்க வராத ஒருவர் வந்து தோற்றவருக்குப் போட்டிருந்தால் சமநிலை ஆகியிருக்கும். சட்டப்படி சீட்டுக் குலுக்கித்தான் வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆனால் இவை அரிய நிகழ்வுகள். "உன் ஒரு வாக்குதான் முடிவு செய்யும்" என்று பிள்ளைகளிடம் சொல்லி ஆர்வமூட்டுவது எளிது. அவர்கள் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். அடுத்த நாளே நம்ப மறுப்பார்கள்.

அப்படியென்றால் வாக்கு வேறு என்ன செய்கிறது? வெற்றியாளரைத் தேர்வதோடு அதன் வேலை முடிவதில்லை. எண்ணப்பட்ட ஒவ்வொரு வாக்கும் பதிவேட்டில் நிற்கிறது. அந்தப் பதிவுக்குச் சட்டத்தில் பயன் உண்டு. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் தோற்ற வேட்பாளருக்கு வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். இன்று பொது வேட்பாளர் கட்டும் தொகை சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000 ரூபாய். ஒரு கட்சி ஓர் இடத்தில்கூட வெல்லாவிட்டாலும், மாநிலத்தில் பதிவான செல்லத்தக்க வாக்குகளில் 8 சதவீதம் பெற்றால் மாநிலக் கட்சி என்ற அங்கீகாரமும் நிலையான சின்னமும் பெற முடியும். அந்த 8 சதவீதம் முழுவதும் தோற்றவர்களுக்கு விழுந்த வாக்காகவே இருக்கலாம்.

வரலாற்றையும் பாருங்கள். தி.மு.க. 1957-இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது வென்றது 15 இடங்கள். 1967-இல் ஆட்சியைப் பிடித்தது. பா.ஜ.க. 1984 மக்களவைத் தேர்தலில் பெற்றது 2 இடங்கள். 2014-இல் 282 இடங்கள். இந்தக் கட்சிகளை நாம் ஏற்கிறோமா மறுக்கிறோமா என்பது இங்கே பேச்சில்லை. தொடக்கக் காலத்தில் இவற்றின் தோற்ற வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்களிடமும் "வீணாக்காதே" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எல்லாரும் அதைக் கேட்டிருந்தால் எந்த இயக்கமும் முதல் படியைத் தாண்டியிருக்காது. "அவர் ஜெயிக்க மாட்டார்" என்பது பல நேரங்களில் கணிப்பு மட்டுமல்ல. பலர் நம்புவதாலேயே உண்மையாகிவிடும் கணிப்பு.

வெல்வதற்காக அல்லாமல், கேட்கப்படுவதற்காகவே நின்றவர்களும் உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் நம் மாநிலத்தின் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் களத்தில் இருந்தார்கள். விவசாயிகள் தங்கள் குறைகளின் பக்கம் கவனத்தைத் திருப்பச் செய்த முயற்சி அது. வாக்குச்சீட்டு புத்தகம்போல் ஆனது. வாக்குப்பதிவையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு நல்கொண்டா மக்களவைத் தொகுதியில், புளோரைடு கலந்த குடிநீரால் ஏற்பட்ட துன்பத்தை நாட்டுக்குத் தெரிவிக்க நின்றவர்களையும் சேர்த்து 480 பேர் போட்டியிட்டார்கள். நாடு திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டு, சட்டமன்ற வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. குரல் கேட்டது, அடுத்து அப்படி நிற்க நினைப்பவர்களுக்கு வழியும் குறுகியது. இரண்டையுமே மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. சுற்றுலா வாக்கெடுப்பில் ஏற்காடு கேட்ட பிள்ளைகள் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. நாம் அவர்களிடம் ஒரே ஒரு விருப்பத்தைத்தான் கேட்டோம். "முதல் விருப்பம் எது, இரண்டாவது எது?" என்று கேட்டிருந்தால் சிக்கலே இல்லை. ஏற்காட்டின் 11 வாக்குகளில் 9 தஞ்சாவூருக்கும் 2 மாமல்லபுரத்துக்கும் போய், 22-க்கு 18 என்று முடிந்திருக்கும்.

இது நமக்குப் புதிதல்ல. நம் குடியரசுத் தலைவர் தேர்தல் இப்படித்தான் நடக்கிறது. 1969-இல் முதல் விருப்ப வாக்குகளில் வி.வி. கிரி 4,01,515 மதிப்பும், நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548 மதிப்பும், சி.டி. தேஷ்முக் 1,12,769 மதிப்பும் பெற்றார்கள். யாருக்கும் தேவையான அளவு கிடைக்கவில்லை. மற்றவர்களுக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பங்களைச் சேர்த்து எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்று முடிவானது. மூன்றாம் இடத்தவருக்குப் போட்ட வாக்கு அங்கே வீணாகவில்லை. முடிவையே அதுதான் எழுதியது. ஆஸ்திரேலியாவில் 1918-இல் நடந்த ஓர் இடைத்தேர்தலில் எதிரணி வாக்குகள் பிரிந்ததால் சுமார் 34 சதவீதம் பெற்றவர் வென்றார். அதே ஆண்டில் அந்த நாடு விருப்ப வரிசை முறைக்கு மாறியது. இலங்கையில் 2024 அதிபர் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது விருப்பங்களை எண்ணினார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கும் விருப்ப வரிசை முறைதான். 1986-இல் மேலவை கலைக்கப்படும் வரை நம் மாநிலத்திலும் ஆசிரியர் தொகுதிகள் இருந்தன. ஆகவே "உன் வாக்கு வீண்" என்று வாக்காளரைக் குறை சொல்வதற்கு முன், வாக்குச்சீட்டு அவரிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் வீணாகும் வாக்கே இல்லையா? இருக்கிறது, அது நம் கைக்கு அருகிலேயே இருக்கிறது. தேர்தல் பணிக்குப் போகும் நாம் தபால் வாக்கு அளிக்கிறோம். படிவம் 13-ஏ என்ற உறுதிமொழியில் கையொப்பமோ சான்றொப்பமோ சரியாக இல்லையென்றால், உள்ளே இருக்கும் வாக்குச்சீட்டு உறையைப் பிரிக்காமலேயே தள்ளுபடி செய்துவிடுவார்கள். 2016-இல் ராதாபுரம் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். அந்த வழக்கில் நீதிமன்றத்தில் பேசப்பட்டது, தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்ட தபால் வாக்குகள் செல்லுமா என்பதுதான். படிவத்தை நிதானமாகப் படித்து நிரப்புவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பணத்துக்கு விற்ற வாக்கு வீண். பட்டியலில் பெயரே சேர்க்காததால் போட முடியாமல்போன வாக்கு வீண். 17 வயது நிரம்பியவர்கள் இப்போது முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். அதைச் சொல்லிக்கொடுப்பது எந்த நடத்தை விதிக்கும் முரண் அல்ல.

வகுப்பறையில் என்ன செய்யலாம்? தொடக்கப் பள்ளியில் வகுப்புத் தலைவர் தேர்வை இரண்டு முறைகளில் நடத்துங்கள். ஒருமுறை ஒற்றை வாக்கு, ஒருமுறை விருப்ப வரிசை. முடிவு மாறுகிறதா என்று பிள்ளைகளே எண்ணட்டும். கணக்குப் பாடமும் அதிலேயே நடந்துவிடும். தோற்ற பிள்ளைக்குக் கை தூக்கியவர்களைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கத்தை அன்றே நிறுத்திவிடுங்கள். மேல்நிலை வகுப்புகளில் மூன்று கேள்விகளைக் கொடுங்கள். என் தொகுதியில் போட்டி உண்மையில் நெருக்கமானதா, அதை எதை வைத்துச் சொல்கிறேன்? முன்னணியில் இருக்கும் இருவருக்குள் எனக்குப் பெரிய வேறுபாடு தெரிகிறதா? இந்த வாக்கால் நான் இந்தத் தேர்தலின் முடிவை மாற்ற நினைக்கிறேனா, அடுத்த தேர்தலுக்கு ஒரு செய்தி சொல்ல நினைக்கிறேனா?

போட்டி நெருக்கமாக இருந்து, இருவரில் ஒருவர் வருவது பெருங்கேடு என்று ஒருவர் உறுதியாக நினைத்தால், இரண்டாவது விருப்பத்துக்கு வாக்களிப்பது கோழைத்தனம் அல்ல. அதுவும் சிந்தித்து எடுத்த முடிவே. இருவருக்குள் வேறுபாடே தெரியவில்லை என்றால், தன் மனம் ஏற்கும் மூன்றாமவருக்குப் போடுவதில் அவர் எதையும் இழக்கவில்லை. இதில் ஒரு விலை உண்டு, விரும்பாதவர் வென்றுவிடலாம். அந்த விலையைத் தெரிந்துகொண்டு போடுபவரை வாக்கை வீணாக்கியவர் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

என் கருத்து இதுதான். வாக்கு என்பது குதிரைப் பந்தயத்தில் கட்டும் பணம் அல்ல, ஜெயிக்கும் குதிரையைக் கண்டுபிடித்தால் பரிசு கிடைப்பதற்கு. வென்றவருக்குப் போட்டவருக்கும் தோற்றவருக்குப் போட்டவருக்கும் அடுத்த நாள் ஒரே சாலை, ஒரே பள்ளிக்கூடம், ஒரே குடிநீர்க் குழாய்தான். நம் மாணவர் வாக்குச்சாவடியை விட்டு வெளியே வரும்போது "நான் யோசித்துப் போட்டேன்" என்று சொல்ல முடிந்தால் நம் குடிமையியல் பாடம் நிறைவேறிவிட்டது. அவர் யாருக்குப் போட்டார் என்பதை நாம் கேட்கவும் வேண்டாம், அவர் சொல்லவும் வேண்டாம்.