பொன்மலை சூசையப்பர் கோயில்

எங்கள் முசிறிக்காரர்கள் ரயிலேற வேண்டுமானால் காவிரிப் பாலம் தாண்டிக் குளித்தலைக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் ரயிலை நம்பிப் பிழைத்த ஓர் ஊர் நம் திருச்சி மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் பொன்மலை.

1753-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட குன்றடி அது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-இல் இங்கே வந்தது. அந்த ஆண்டே ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது; தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் முன்னின்றார். 1946 செப்டம்பர் 5 அன்று தொழிற்சங்கத்தின் சங்கத் திடலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வியர்வையும் ரத்தமும் சிந்தி வளர்ந்த ஊர் அது.

அந்த ரயில்வே குடியிருப்பின் கத்தோலிக்கர்களுக்குப் பங்குக் கோயிலாக இருப்பது புனித சூசையப்பர் ஆலயம். சூசையப்பர் தச்சர்; கையால் உழைத்துக் குடும்பத்தைக் காத்தவர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். செங்கொடி ஏறும் அதே நாளில் கோயிலிலும் உழைப்பாளியின் விழா. பொன்மலைக்கு இதைவிடப் பொருத்தமான பாதுகாவலர் யார்?

இந்த ஊரில் ஒரு குறை உண்டு. குவார்ட்டர்ஸ் ரயில்வேக்குச் சொந்தம். பிள்ளை பிறந்து, முற்றத்தில் முருங்கை வைத்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடாக இருந்தாலும், பணி ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைக்க வேண்டும். பல ஊரிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் ஒரே நிலைமைதான். சொந்தமென்று சொல்லிக்கொள்ள அவர்களில் கத்தோலிக்கர்களுக்குக் கிடைத்தது பங்குக் கோயில்.

கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானத்தாய், ஞானத்தந்தை, தேதி எல்லாம் அதில் வரிசையாக எழுதப்படும். அந்தக் குழந்தை வளர்ந்து மும்பையிலோ பெரம்பூரிலோ திருமணம் செய்தாலும், ஞானஸ்நானம் பெற்ற பங்கிலிருந்துதான் சான்றிதழ் வாங்க வேண்டும். திருமணம் முடிந்ததும் அந்தச் செய்தி இங்கே வந்து, பழைய பெயருக்குப் பக்கத்தில் பதிவாகும். வீடு கைமாறினாலும் பெயர் அந்த ஏட்டில் இருக்கும். ஊரோடு உள்ள உறவும் அறுந்துபோவதில்லை.

கோயிலின் வரலாற்றை, அது கட்டப்பட்ட ஆண்டிலும் கோபுர உயரத்திலும் மட்டும் தேடினால் போதாது. பதிவேட்டில் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் பணிமனையின் எந்த ஷாப்பில் வேலை பார்த்தார், எந்தப் போராட்டத்தில் நின்றார் என்பது அதில் இருக்காது. அதைச் சொல்லக்கூடிய ஓய்வூதியர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பொன்மலை இளைஞர்களே, உங்கள் தாத்தா பாட்டியை உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எந்த மதமானாலும் சரி, உழைத்தவர்களின் கதை ஊருக்கே பொதுச் சொத்து.