கோவில் யானை



கோவில் வாசலில் யானை நிற்கிறதே, அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல எழுந்திருக்கிறேன். சுயமரியாதைக் கூட்டத்தில் யானைக்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கக்கூடும். வேலை இருக்கிறது, தயவுசெய்து கேளுங்கள்.

மாடு, ஆடு, நாய் ஆகியவைகளை மனிதன் பல ஆயிர வருஷங்களாகத் தன் வீட்டிலேயே ஈனவைத்து, சாதுவானதை வைத்துக்கொண்டு, முரடானதைக் கழித்து, தலைமுறை தலைமுறையாக வீட்டு மிருகமாக்கிவிட்டான். யானை அப்படிப்பட்டதல்ல. குழி வெட்டி விழவைத்தும், அடைப்புக்குள் விரட்டியும் காட்டிலிருந்து பிடித்து வந்ததே அதன் சரித்திரம். பிடித்ததை மரக்கூண்டில் அடைத்து, தீனியைக் குறைத்து, அடித்துப் பணியவைத்தார்கள். ஆகவே பழகிய யானை என்றால் பயந்த யானை என்று அர்த்தமே தவிர, வீட்டு யானை என்று அர்த்தமல்ல. வீட்டு மிருகமானால் கையில் அங்குசம் எதற்கு? காலில் சங்கிலி எதற்கு? விநாயகரின் அம்சம் என்று சொல்லுகிறவர்களே விநாயகர் காலுக்கு விலங்கு பூட்டுகிறார்கள் என்றால் அந்தப் பக்தியை என்னவென்று சொல்லுவது?

காட்டில் பெண் யானை தன் தாய், சகோதரி, மகள் இவர்களோடு கூட்டமாக வாழ்கிறது. வயது முதிர்ந்த பெண் யானைதான் அக்கூட்டத்துக்குத் தலைவி. (இதில் நம் ஆண்பிள்ளைகளைவிட யானைக்கு அறிவு அதிகம் போலும்!) நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தழையும் புல்லும் தின்றுகொண்டு நடந்தபடியே இருக்கும் ஜீவன் அது. அதைத் தன்னந்தனியாகக் கருங்கல் தரையில் நிறுத்தினால் பாதம் வெடிக்கிறது. நகம் சீழ் பிடிக்கிறது. மனிதனுடைய க்ஷயரோகம்கூட அதற்குத் தொற்றுகிறது.

அடுத்தாற்போல் ஆசீர்வாதம். துதிக்கையில் காசு வைத்தால் தலையைத் தொடுகிறது. யானைக்குக் காசு எதற்கு? எந்தக் கடைக்குப் போய் எதை வாங்கப்போகிறது? தெருவில் குரங்காட்டி செய்தால் வித்தை, கோவிலில் செய்தால் அருளா என்று கேட்கிறேன்.

2018-ம் வருஷம் மே மாதம் சமயபுரம் கோவிலுக்குள்ளேயே மசினி என்ற யானை தன் பாகனை மிதித்துக் கொன்றது. 2024 நவம்பரில் திருச்செந்தூரில் தெய்வானை என்ற யானை பாகனையும் அவர் உறவினரையும் கொன்றது. செத்தவர்களில் அர்ச்சகர் உண்டா? தர்மகர்த்தா உண்டா? ஏழைப் பாகனும் அவனைச் சேர்ந்தவனும்தான். திருச்செந்தூரில் நடையைச் சாத்திப் பரிகார பூஜை செய்து மறுபடியும் திறந்தார்கள். தீட்டுக் கழிந்தது. பாகன் வீட்டு அடுப்பு எரிவதற்கு எந்த மந்திரத்தில் பரிகாரம் சொல்லியிருக்கிறது?

பாகன் யானையைப் பிள்ளைபோல் வளர்க்கிறானே என்பார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு அவன் உயிரைக் காக்கவில்லை. மிரண்ட யானைக்கு வளர்த்தவன் யார், வந்தவன் யார் என்று தெரிவதில்லை.

நிற்க. சட்டம் என்ன செய்கிறது? 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி ஒரு பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தாலும் குற்றம். யானைக்கு மாத்திரம் சான்றிதழ் காட்டி வைத்துக்கொள்ள வழி விட்டார்கள். 2022-ல் அச்சட்டத்தைத் திருத்தியபோதும், மத காரியத்துக்கோ வேறு காரியத்துக்கோ யானையைக் கைமாற்றலாம் என்று எழுதிவைத்தார்கள். மதம் என்ற ஒரு சொல் இருந்தால் சங்கிலிக்கும் லைசென்ஸ் கிடைக்கும் என்பதற்கு வேறு ருஜு வேண்டுமா?

2023 பிப்ரவரியில் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கத்துக் கோவிலொன்றில் இரும்பாலும் ரப்பராலும் செய்த இயந்திர யானையை நடையில் நிறுத்தினார்கள். காதாட்டுகிறது, துதிக்கை தூக்குகிறது. சாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

தோழர்களே! யானைக்குக் காசு கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் ஊர்க் கோவிலுக்குப் புது யானை வாங்க வசூலுக்கு வந்தால் மறுத்துச் சொல்லுங்கள். மசினியை மறுபடியும் முதுமலை முகாமுக்கே அனுப்பினார்களல்லவா? அதுபோல் மற்றவைகளையும் மண் தரையும், தண்ணீரும், கூட யானைகளும் உள்ள இடத்துக்கு அனுப்பக் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது, பாகனுக்கும் அங்கேயே சம்பளத்தோடு வேலை கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னும் பேச வேண்டிய தோழர்கள் காத்திருப்பதால் இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.