கிரிபென்சிஸ் மீன் ஏன் துரத்துகிறது?

(நம் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சின்ன மீன்தானே என்று வாங்கினோம், மற்ற மீன்களை ஓட ஓட விரட்டுகிறதே!" என்று சிலர் கேட்டீர்கள். அதனால் இன்று கிரிபென்சிஸ் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

இது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த குள்ள சிக்லிட். ஆண் சுமார் 10 செ.மீ. வளரும், பெண் அதைவிடச் சிறியது, உருண்டையானது. ஓரளவு கடினமான தண்ணீரையும் தாங்கும் என்பதால் போர் தண்ணீர் உள்ள வீடுகளிலும் வளர்க்கலாம்.

பொந்துக்குள் முட்டையிட்டு, தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சுகளைக் காப்பது இதன் இயல்பு. காக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் துரத்துகிறது. ஆகவே இடத்தைச் சரியாக அமைத்துக் கொடுத்தால் சண்டையும் குறையும், இனப்பெருக்கமும் நடக்கும்.

ஒரு ஜோடிக்கு 2 அடி தொட்டி போதும். அதில் இரண்டாவது ஜோடி வேண்டாம். ஐந்தாறு குஞ்சுகளாக வாங்கி வளர்த்தால் அவையே ஜோடி சேரும். சேர்ந்ததும் மற்றவற்றை மாற்றிவிடுங்கள். அடியில் மணல் பரப்பி, விளிம்பில் சிறு வாசல் வெட்டிய கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்று போதாது, இரண்டு மூன்றாவது வேண்டும், வாசல்கள் வெவ்வேறு பக்கம் பார்க்க வேண்டும். நடுவே செடியும் கட்டையும் இருந்தால் ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாது. பாதித் துரத்தல் அதிலேயே நின்றுவிடும்.

துணைக்கு மேல்மட்டத்தில் நீந்தும் சுறுசுறுப்பான சிறு மீன்களை விடலாம். கோரிடோராஸ் போன்ற அடிமட்ட மீன்கள் வேண்டாம். அவை பொந்தருகே போய் அடிபடும்.

பெண்ணின் வயிறு செக்கச்செவேலென்று மாறி, ஆண் முன்னால் உடலை வளைத்து நடுங்கினால் முட்டையிடத் தயார் என்று பொருள். சில நாளில் பெண் பொந்தைவிட்டு வெளியே வராது. ஆவலில் கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். மிரண்டால் முட்டைகளைத் தின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சுகள் தாயின் பின்னால் கூட்டமாக நீந்தி வரும். அப்போது பொரித்த ஆர்ட்டீமியா கொடுங்கள். ஸ்பாஞ்சு பில்டர் இருந்தால் குஞ்சுகள் உறிஞ்சப்படாது.

அந்த நாட்களில் பெண் ஆணையே விரட்டுவதும் உண்டு. துடுப்பு கிழிந்து, சாப்பிடாமல், மேல் மூலையில் ஒரு மீன் ஒதுங்கி நின்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரு நாள் தாமதம் அதன் உயிரைப் பறிக்கலாம்.

இன்னொன்று. தண்ணீரில் அமிலத்தன்மை கூடினால் ஆண் குஞ்சுகளே அதிகம் வரும். ஜோடிகள் வேண்டுமென்றால் பி.ஹெச். 7-ஐ ஒட்டி இருக்கட்டும்.

குஞ்சுகள் மிகுந்துபோனால் அக்கம்பக்கத்தில் கொடுங்கள், கடையில் கொடுங்கள். ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள்; அங்குள்ள மீன்களுக்கும் அது வீடுதான்.