அறுந்த நரம்பு வளரும் வழி

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வெளிப்பட்டுத் தசைகளுக்கும் தோலுக்கும் கிளை பிரிந்து செல்லும் புற நரம்புகளுக்கு, அறுபட்டாலும் மீண்டும் வளரும் திறன் உண்டு. ஆயினும் அவ்வளர்ச்சியின் பயன், வளரும் இழைக்குச் சரியான வழி கிடைப்பதையும், அது உரிய காலத்துக்குள் போய்ச் சேர்வதையும் பொறுத்தே அமைகிறது.

நரம்பு என்பது ஒற்றை இழையன்று. தண்டுவடத்திலோ அதை ஒட்டியோ இருக்கும் நரம்புச் செல்களிலிருந்து நீண்டு வரும் ஆக்ஸான் எனப்படும் நுண்ணிழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த கட்டு அது. நரம்பு வெட்டுப்பட்டால், செல்லின் தொடர்பை இழந்த இழைகள் சில நாட்களிலேயே சிதைந்துவிடுகின்றன என்பதை, தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை வெட்டி ஆராய்ந்து 1850இல் விளக்கியவர் ஆங்கிலேய மருத்துவர் அகஸ்டஸ் வாலர். ஆகவே அது வாலரியச் சிதைவு என்றே வழங்கப்படுகிறது.

அழிவாகத் தோன்றும் இச்சிதைவே சீரமைப்பின் முதற்படி. ஆக்ஸானுக்கு மயலின் என்னும் கொழுப்புறையைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்கள், அப்பணியை விட்டுவிட்டு, இரத்தத்திலிருந்து வந்து சேரும் விழுங்கு செல்களோடு கூடிச் சிதைந்த எச்சங்களை அகற்றுகின்றன. பின்னர்ப் பெருகி, பழைய உறைக்குழாய்க்குள் வரிசையாக நின்று, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. வெட்டுக்கு மேலுள்ள ஆக்ஸான் முனைகளிலிருந்து கிளைக்கும் தளிர்கள், அவ்வரிசையைப் பற்றிக்கொண்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் முன்னேறுகின்றன.

இவ்வழி எவ்வளவு இன்றியமையாதது என்பதை, 1981இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ ஆகியோர் செய்த ஆய்வு காட்டியது. தண்டுவடத்தில் அறுந்த இழைகள் பொதுவாக மீண்டும் வளர்வதில்லை. ஆனால் எலியின் புற நரம்புத் துண்டொன்றை மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக ஒட்டியபோது, அங்குள்ள செல்களின் இழைகள் அதனுள் சுமார் 3 சென்டிமீட்டர் வளர்ந்தன.

அறுவை மருத்துவர் அமைத்துக் கொடுப்பதும் வழியைத்தான். நுண்ணோக்கியின் துணையோடு அறுந்த முனைகளைப் பொருத்தித் தைக்கும் அவர், இடைவெளி மிகுதியாக இருந்தால், கெண்டைக்காலின் பின்புறம் செல்லும் உணர்வு நரம்பொன்றை எடுத்து நடுவே வைக்கிறார். வளர்முனை எதுவரை வந்துள்ளது என்பது, நரம்பின்மேல் விரலால் தட்டும்போது எழும் சுரீரென்ற உணர்விலிருந்து ஓரளவு புலப்படும். இதற்கு டினெல் குறி என்று பெயர்.

மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்ட ஆறு மாதத்துக்கு மேலாகலாம்; தோளருகே அறுந்தாலோ, உள்ளங்கைத் தசைகளை அடைய ஓராண்டுக்கு மேலாகிவிடும். அதற்குள் நரம்பிழந்த தசை மெலியத் தொடங்கி, ஒன்றரை ஆண்டளவில் பெரும்பாலும் மீளாத நிலைக்குப் போய்விடுகிறது. ஆகவே கண்ணாடி கிழித்த காயத்தில் தோலைத் தைத்த பின்னும் விரல் மரத்தே இருந்தால், தானாகச் சரியாகும் என்று காத்திராமல், நரம்பும் அறுந்துள்ளதா என உடனே பரிசோதித்துக்கொள்வதே கையைக் காக்கும்.