கூடாரமும் குற்றால மழையும்

மார்கழி முகாமுக்கென்று தென்காசியில் பழைய கித்தான் கூடாரம் ஒன்று வாங்கினேன். கறைகளை நான் பொருட்படுத்தவில்லை. துணியை இரு கைகளாலும் பற்றி இழுத்துப் பார்த்தேன். இற்ற துணியாயின் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

பூஞ்சணத்தை உலர்ந்த தூரிகையால் நீக்கி, சோப்பின்றி அலசி, கிழிசல்களை மெழுகிட்ட நூலால் தைத்தோம். பின்னர் முழுவதும் நனைத்து உலர்த்தினோம். ஏன் தெரியுமா? நீர்பட்ட பருத்தி இழை உப்பி, ஊசித் துளைகளை அடைத்துவிடும். மழையின்போது உட்புறத்தைத் தொட்டால் அங்கே கசியும். தொட்டுப் பார்க்காத மாணவன் உண்டோ!

குற்றாலத்தில் ஆனி, ஆடிச் சாரலோடு மழை முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையிலும் அருவிகள் பெருகும். 2024 மே 17-இல், சாரற்பருவம் தொடங்குமுன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டது. ஆதலால் ஓடைக்கரையை விடுத்து, நண்பரின் தோப்பில் மேட்டு நிலத்திலேயே முளை அறைந்தோம். காலையில் பனியீரம் காயும்வரை கூடாரத்தைச் சுருட்டவில்லை.